கொள்ளுப்பாட்டியின் கையெழுத்து: நெப்ராஸ்காவில் ஆறு நாட்கள்

நாள் 1: சிகாகோ, டேவன்போர்ட், ஒமாஹா

காலை ஐந்தரைக்கே கிளம்பிவிட்டோம். காரில் மூன்று பேர்: நான், என் மாமியார், பதினொரு வயது மகள். மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமான புதிதில் அம்மா சொல்லிக்கொடுத்தபடி ஆரம்பித்தது, அவருக்கும் அந்தச் சொல் பிடித்துப்போய்விட்டது. இல்லினாயில் பிறந்து வளர்ந்த அமெரிக்கர், வயது 78. இந்தப் பயணமே அவருக்காகத்தான்.

அத்தையின் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை ஒன்று உண்டு. அவருடைய கொள்ளுத்தாத்தா ஜெர்மனியின் ஹோல்ஸ்டைன் பகுதியிலிருந்து கப்பலேறி வந்தவர். 1884-இல் நெப்ராஸ்காவின் கஸ்டர் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) அரசு கொடுத்த 160 ஏக்கரை எடுத்து, மண் வீடு கட்டிக் குடியேறினார். 1888 ஜனவரியில் வந்த பெரிய பனிப்புயலில், பள்ளிக்கூடம் போன பிள்ளைகளைத் தேடிப் போனவர் திரும்பவில்லை. கதை அவ்வளவுதான். கொள்ளுப்பாட்டியைப் பற்றிக் கேட்டால், "பாவம், கஷ்டப்பட்டாள்" என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும். அவள் பெயரைக்கூட ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். (குடும்பப் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று அத்தை கேட்டுக்கொண்டார், அதனால் பெயர்கள் வராது.)

கையில் இருக்கும் ஆதாரம் ஒரு ஜெர்மன் பைபிள். பின் அட்டையின் உள்பக்கத்தில் பென்சிலில் ஒரு நில விவரம்: இத்தனையாவது செக்‌ஷன், வடமேற்குக் கால் பாகம், டவுன்ஷிப் எண், ரேஞ்ச் எண். கிட்டத்தட்ட அழிந்துவிட்டது. கோடை மதிய வெயிலில் சாய்த்துப் பிடித்துத்தான் படிக்க முடிந்தது.

டேவன்போர்ட்டில் மிசிசிப்பியைத் தாண்டியதும் நிறுத்தினோம். இந்த ஆற்றுக்கு முதன்முதலில் ரயில் பாலம் போட்டது இங்கேதான், 1856-இல். ஹோல்ஸ்டைன்காரர்கள் ஊர் ஊராக வந்து சேர்ந்த இடமும் இதுதான். 1848-இல் டென்மார்க்கை எதிர்த்துச் சண்டை போட்டுத் தோற்றவர்களில் பலர் முதலில் வந்தார்கள். 1867-இல் பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசு அந்த நிலத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு, வாலிபர்களைப் பட்டாளத்துக்குப் பிடிக்க ஆரம்பித்ததும் அடுத்த அலை வந்தது. அவர்கள் வந்திறங்கித் தங்கிய பழைய விடுதிக் கட்டடம் ஒன்று இன்றைக்கு ஜெர்மன் அமெரிக்கப் பாரம்பரிய மையமாக இருக்கிறது. அத்தை அந்தப் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவருடைய கொள்ளுத்தாத்தா இங்கே தங்கினாரா என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. ஆனால் 1880 சென்சஸில் அவர் இந்தக் கவுண்டியில் பண்ணைக் கூலியாக இருக்கிறார், கூடவே மனைவி, ஒரு கைக்குழந்தை.

காரில் ஏறியதும் மகள் கேட்டாள்: "பாட்டிக்குக் கொள்ளுத்தாத்தா என்றால் எனக்கு அவர் என்ன வேண்டும்?" பாட்டி, கொள்ளு, எள்ளு என்று விரல் மடக்கி எண்ணிக்கொண்டே போனேன். எள்ளுக்கும் அப்பால் ஒரு படி. "அதற்குப் பேர் இல்லையா?" என்றாள். பூட்டன், ஓட்டன், சேயோன் என்று ஒரு வரிசை சொல்வார்கள் என்றேன். சேயோன் என்ற பெயர் அவளுக்குப் பிடித்துவிட்டது. அயோவாவைத் தாண்டும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

நாள் 2: பியாட்ரிஸ்

மாநிலத் தலைநகரான லிங்கனிலிருந்து தெற்கே 40 மைல். ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்கா இருப்பது, குடியேறுகிறவர்களுக்கு அரசு நிலம் கொடுத்த ஹோம்ஸ்டெட் சட்டத்தின் கீழ் முதன்முதலில் நிலம் கேட்டவர்களில் ஒருவரான டேனியல் ஃப்ரீமனின் நிலத்திலேயே. 1862 மே 20 அன்று ஜனாதிபதி லிங்கன் கையெழுத்துப் போட்ட அந்தச் சட்டம் 1863 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஃப்ரீமன் பட்டாளத்துக்குத் திரும்ப வேண்டிய அவசரத்தில் இருந்ததால், பிரவுன்வில் நில அலுவலக எழுத்தரைக் கெஞ்சி, நள்ளிரவு தாண்டியதும் கதவைத் திறக்க வைத்துப் பதிந்துகொண்டார் என்று சொல்வார்கள்.

சட்டம் எளிமையானதுதான். குடும்பத் தலைவரோ 21 வயது ஆனவரோ 160 ஏக்கர் கேட்கலாம். குடிமகனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குடிமகன் ஆகப்போகிறேன் என்று எழுதிக்கொடுத்திருக்க வேண்டும். ஐந்து வருஷம் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, உழுது பயிர் வைத்து, அதைச் சாட்சிகளோடு நிரூபித்தால் நிலம் சொந்தம். கட்டணமெல்லாம் சேர்த்து 18 டாலர். கல்யாணமாகாத பெண்ணும் விதவையும்கூடக் கேட்கலாம். இப்படிக் கைமாறியது 27 கோடி ஏக்கர், அமெரிக்க நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு. நெப்ராஸ்காவில் மட்டும் நூற்றுக்கு 45 பங்கு நிலம் இப்படித்தான் போனது.

அருங்காட்சியகத்தின் கூரையைக் கலப்பை மண்ணைப் புரட்டுகிற மாதிரி கட்டியிருக்கிறார்கள். வெளியே கார் நிறுத்துமிடம் சரியாக ஒரு ஏக்கர். வேண்டுமென்றே அப்படி அளந்து போட்டது. மகளும் நானும் அதைச் சுற்றி நடந்தோம். பிறகு இதைப் போல 160 என்று நினைத்துப் பார்த்தோம். கைக்கலப்பையும் இரண்டு மாடும் வைத்திருந்தவனுக்கு அது எவ்வளவு பெரிய பரப்பு!

சரி, தேடல் விஷயத்துக்கு வருகிறேன். நெப்ராஸ்காவின் ஹோம்ஸ்டெட் கோப்புகள் கணினியில் ஏற்றப்பட்டுவிட்டன. அங்கேயே உட்கார்ந்து பார்க்கலாம். கொள்ளுத்தாத்தாவின் பெயரைப் போட்டோம், ஒன்றும் வரவில்லை. எழுத்தை மாற்றிப் போட்டோம். ஒரு எழுத்தைக் கூட்டினோம், குறைத்தோம். முக்கால் மணி நேரம் போனது. அத்தையின் முகம் வாடிவிட்டது. அங்கே இருந்த ஊழியர் ஒருவர், "நில விவரம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். பைபிளின் பின் அட்டைப் படத்தைக் காட்டினேன். "அப்படியென்றால் பெயரை விடுங்கள், நிலத்தைத் தேடுங்கள்" என்றார்.

நம் ஊரில் சர்வே எண்ணை வைத்துப் பட்டா பார்ப்பது போலத்தான். இங்கே தேசத்தையே கட்டம் போட்டு அளந்திருக்கிறார்கள். ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப். அதற்குள் 36 செக்‌ஷன், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். அதில் கால் பாகம் 160. அந்த எண்களைப் போட்டதும் வந்துவிட்டது. குடும்பப் பெயரின் நடுவில் ஒரு 'ஈ' (e) இருக்க வேண்டிய இடத்தில் 'என்' (n) இருந்தது. பழைய ஜெர்மன் கையெழுத்தில் சின்ன 'ஈ' பார்ப்பதற்கு 'என்' மாதிரியே இருக்கும். எழுத்தருக்கு ஜெர்மன் தெரியாது, அதனால் பார்த்ததை எழுதிவிட்டார். அந்த ஒரு எழுத்துக்காகக் குடும்பம் நாற்பது வருஷம் தேடியிருக்கிறது.

கோப்பின் மேலுறையில் கொள்ளுத்தாத்தாவின் பெயர். அதன் மேல் ஒரு கோடு. பக்கத்தில் வேறு மையில் "இன்னாரின் விதவை" என்று ஒரு பெண்ணின் பெயர்.

நிலத்தை நிரூபித்தவர் அவள். 1890 ஜூன். அச்சடித்த கேள்விகளுக்கு அவள் சொன்ன பதில்களை எழுத்தர் எழுதியிருக்கிறார். வீடு எப்படி? மண் வீடு, 14 அடிக்கு 20 அடி, ஒரு கதவு, இரண்டு ஜன்னல். வேறு என்ன இருக்கிறது? மண் தொழுவம், கோழிக் கூண்டு, 96 அடிக் கிணறு. எத்தனை ஏக்கர் உழுதாய்? 42. எத்தனை பருவம் விளைந்தது? ஆறு. நிலத்தை விட்டு எப்போதாவது போயிருக்கிறாயா? ஒரு குளிர்காலத்தில் ஏழு வாரம், கிராண்ட் ஐலண்ட் ஊரில் வீட்டு வேலைக்கு, விதைக்குக் காசு வேண்டியிருந்தது, பிள்ளைகள் பக்கத்து நிலத்துக்காரர் வீட்டில் இருந்தார்கள்.

அப்புறம் ஒரு வரி: கணவர் 1887 அக்டோபரில், இதே நிலத்தில், காய்ச்சலில் இறந்தார்.

1887 அக்டோபர். பனிப்புயலுக்கு மூன்று மாதம் முன்னால்.

அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, அந்த வரியை மூன்று முறை படித்தார். "அப்படியானால் புயல் வந்தபோது அவள் தனியாக இருந்திருக்கிறாள்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

கடைசிப் பக்கத்தில் அவளுடைய கையெழுத்து. எழுத்தர் எழுதிய பெயருக்கும் அவள் போட்ட கையெழுத்துக்கும் ஸ்பெல்லிங் வேறு. ஊசி ஊசியாகச் சாய்ந்த பழைய ஜெர்மன் எழுத்து. முதல் பெயரின் நடுவில் மை தீர்ந்து, மறுபடி தொட்டு எழுதியிருக்கிறாள். அந்த இடத்தில் கோடு திடீரென்று தடிக்கிறது, கீழே ஒரு சின்னச் சொட்டு. திரையைப் பெரிதாக்கி அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் அப்பத்தாவுக்கு எழுதத் தெரியாது. எங்கள் வீட்டுப் பத்திரத்தில் அவருடைய கைநாட்டு இருக்கிறது, ஊதா மையில், ஓரம் கொஞ்சம் இழுபட்டு. அப்பா அந்தப் பத்திரத்தை எடுக்கும்போதெல்லாம் அந்த இடத்தைத் தொட்டுப் பார்ப்பார். எனக்கு அது நினைவுக்கு வந்துவிட்டது.

நாள் 3: லிங்கன்

மாநில வரலாற்றுக் கழகத்தின் வாசிப்பறையில் நாள் முழுவதும் இருந்தோம்.

முன்னோரைத் தேடுகிற அமெரிக்கர் எல்லோரும் முட்டி நிற்கும் சுவர் ஒன்று உண்டு. 1890 சென்சஸ். வாஷிங்டனில் 1921 ஜனவரியில் வணிகத் துறைக் கட்டடத்தில் பிடித்த தீயில் அது பெரும்பாலும் போய்விட்டது. 1880-க்கும் 1900-க்கும் நடுவில் இருபது வருஷம் ஓட்டை. மேற்கே போய்க் குடியேறியவர்களின் முழுக் கதையும் அந்த ஓட்டைக்குள்தான் இருக்கிறது. நெப்ராஸ்கா கொஞ்சம் அதிர்ஷ்டம் செய்த மாநிலம், 1885-இல் இங்கே தனியாக ஒரு சென்சஸ் எடுத்திருக்கிறார்கள். அதில் கிடைத்தார்கள். அவருக்கு 31, அவளுக்கு 29, மூன்று பிள்ளைகள். அத்தையின் தாத்தா இன்னும் பிறக்கவில்லை, அவர் அடுத்த வருஷம் பிறந்தவர்.

1900 சென்சஸில் அவள் பிரோக்கன் போ ஊருக்குள் வாடகை வீட்டில், துணி துவைக்கும் வேலை. அந்த வருஷச் சென்சஸில் பெண்களிடம் இரண்டு கேள்வி கேட்டார்கள். எத்தனை பிள்ளை பெற்றாய், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள். அவள் வரிசையில் 7 என்றும் 4 என்றும் இருக்கிறது. போன மூன்று பேரைப் பற்றி வீட்டுக் கதையில் ஒரு வார்த்தை கிடையாது.

மதியம் சாலமன் புட்சரின் புகைப்படங்கள். அவரும் கஸ்டர் கவுண்டியில் நிலம் எடுத்துப் பார்த்து, இது நமக்கு ஒத்து வராது என்று விட்டவர். 1886-இல் ஒரு வண்டியில் கேமராவை ஏற்றிக்கொண்டு, குடியேறியவர்களின் வீடு வீடாகப் போய்ப் படம் எடுக்க ஆரம்பித்தார். கண்ணாடித் தகடுகள், 3,000-க்கும் மேல், இந்தக் கழகத்திடம்தான் இருக்கின்றன. மண் வீட்டு வாசலில் குடும்பம் மொத்தமும் நிற்கும். மாடு, குதிரை, தையல் இயந்திரம் என்று வீட்டில் பெருமையாக இருந்ததெல்லாம் வெளியே வந்து நிற்கும். ஒரு குடும்பம், மண் வீட்டில் இருப்பது ஊரில் உள்ள சொந்தங்களுக்குத் தெரியக்கூடாது என்று, ஆர்கன் பெட்டியை வயலுக்கு இழுத்து வந்து அதைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த வீட்டுப் பெண்ணின் மனசு எனக்கு நன்றாகவே புரிகிறது. கிறிஸ்மன் சகோதரிகள் நான்கு பேர் மண் வீட்டின் முன்னால் குதிரைகளோடு நிற்கும் 1886 படம் ரொம்பப் பிரபலம். இந்த ஊர்ப் பெண்கள் தங்கள் பெயரிலேயே நிலம் கேட்டதற்கு அதைத்தான் எப்போதும் காட்டுவார்கள்.

எங்கள் குடும்பம் அந்தப் படங்களில் இல்லை. ஆனால் நிலத்தை நிரூபிக்க இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும் அல்லவா, அவர்கள் பெயர்கள் கோப்பில் இருந்தன. அதில் ஒருவர் படத்தில் இருக்கிறார்! அவள் கிராண்ட் ஐலண்டுக்கு வேலைக்குப் போனபோது பிள்ளைகளை வைத்துக்கொண்ட அதே பக்கத்து நிலத்துக்காரர். தாடி, கசங்கிய தொப்பி, ஒரு கையில் கடிவாளம். பக்கத்தில் அவர் மனைவி, இடுப்பில் குழந்தையோடு. அத்தை அந்த மனைவியின் முகத்தைத்தான் பார்த்தார். "ஏழு வாரம் இவள்தான் என் தாத்தாவுக்குச் சோறு போட்டிருக்கிறாள்" என்றார். அன்றைக்கு அவருடைய தாத்தாவுக்கு மூன்று வயது இருக்கும்.

முன்னோரைத் தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: உங்கள் ஆட்களை மட்டும் தேடாதீர்கள், சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களையும் தேடுங்கள்.

நாள் 4: ஜெனோவா, பிரோக்கன் போ

லூப் ஆற்றங்கரை வழியாகப் போனோம். லூப் என்றால் பிரெஞ்சு மொழியில் ஓநாய். இங்கே வாழ்ந்த பானி மக்களில் ஒரு பிரிவுக்கு ஓநாய் என்று பேர், அவர்களை வைத்து ஆற்றுக்கு வந்த பெயர் அது. பானிகள் இந்தப் பள்ளத்தாக்கில் மக்காச்சோளமும் பரங்கியும் பயிரிட்டார்கள். கோடையிலும் குளிர்காலத்திலும் மேற்கே காட்டெருமை வேட்டைக்குப் போனார்கள். கஸ்டர் கவுண்டி அந்த வேட்டை நிலத்தில்தான் வருகிறது. அம்மையும் காலராவும் பாதிப் பேரைக் கொண்டுபோக, மிச்சமிருந்தவர்களை 1874-75-இல் இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பிவிட்டார்கள். பத்து வருஷம் கழித்து அத்தையின் குடும்பம் இங்கே வந்து இறங்குகிறது.

ஜெனோவாவில் பானிகளின் ஒதுக்கீட்டு நிலம் இருந்த இடத்தில் 1884-இல் அரசு ஒரு உறைவிடப் பள்ளி திறந்தது. பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து, முடியை வெட்டி, அவர்கள் மொழி பேசினால் தண்டித்த பள்ளிகளில் ஒன்று. 1934 வரை நடந்தது. பள்ளியின் நிலம் கடைசியில் 640 ஏக்கர், முழுசாக ஒரு செக்‌ஷன். தொழிற்பயிற்சிக் கட்டடம் ஒன்று இன்னும் நிற்கிறது, இப்போது அருங்காட்சியகம். நாங்கள் போனபோது திறக்கும் காலம் ஆரம்பிக்கவில்லை, வெளியே நின்றுதான் பார்த்தோம். அங்கே இறந்துபோன பிள்ளைகளைப் புதைத்த இடம் எது என்று இன்னும் தேடுகிறார்கள். 2023-இல் ஒரு இடத்தைத் தோண்டியும் பார்த்தார்கள், கிடைக்கவில்லை.

அத்தை காரைவிட்டு இறங்கமாட்டேன் என்றார். பிறகு இறங்கினார். காற்று பலமாக அடித்தது. "1884" என்று இரண்டு முறை சொன்னார். நாங்கள் ஒரு காகிதத்தைக் கண்டுபிடித்துவிட்டு முந்தாநாள் அழுதோம், இந்தப் பிள்ளைகளின் பேரன் பேத்திகளும் அதே போலத்தான் கோப்பு கோப்பாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். மகள் கேட்ட கேள்விகளுக்கு எல்லாம் உள்ளது உள்ளபடியே பதில் சொன்னோம். ஒருவர் நிலம் பெற்ற கதையைச் சொல்கிறபோது இன்னொருவர் இழந்த கதையையும் அதே மூச்சில்தான் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன், தனியாக இன்னொரு நாள் சொல்லலாம் என்று வைத்தால் அது நடக்காது.

சாயங்காலம் பிரோக்கன் போ வந்து சேர்ந்தோம். 'முறிந்த வில்'. பூர்வகுடிகள் தங்கியிருந்த இடத்தில் கிடந்த ஒரு முறிந்த வில்லைப் பார்த்து, ஆரம்பத்தில் குடியேறிய ஒருவர் ஊருக்கு வைத்த பெயர்.

நாள் 5: பதிவு அலுவலகம், பிறகு நிலம்

கவுண்டி நீதிமன்றக் கட்டடத்தில் பத்திரப் பதிவேடுகள். தூக்கவே முடியாத கனமான புத்தகங்கள். விற்றவர் பெயர் வரிசை தனியாக, வாங்கியவர் பெயர் வரிசை தனியாக. வில்லங்கம் போட்டுப் பார்ப்பதுதான் இதுவும். 1891-இல் வாஷிங்டனிலிருந்து அவள் பெயருக்குப் பட்டா வருகிறது. பட்டா பதிந்த அடுத்த பக்கத்திலேயே அடமானம், 500 டாலர். 1894-இல் இங்கே கொடிய வறட்சி, சோளம் கருகிப் போனது, ஏராளமான பேர் வீட்டைப் போட்டுவிட்டுக் கிழக்கே திரும்பினார்கள். 1896-இல் ஷெரிப் ஏலம் போட்ட பத்திரம். நிலம் கைமாறிவிட்டது.

ஆக, வந்து இறங்கியதிலிருந்து பன்னிரண்டு வருஷம். பட்டா கையில் இருந்தது ஐந்தே வருஷம். வீட்டுக் கதையில் அந்த நிலம் ஒரு ராஜ்யம் மாதிரி இருக்கும். அத்தை இதைக் கேட்டு உடைந்துபோவார் என்று பயந்தேன், அப்படி ஒன்றும் ஆகவில்லை. "அதனால்தான் துணி துவைத்திருக்கிறாள்" என்றார், கணக்கு சரியாக வந்த மாதிரி.

மதியம் நிலத்துக்குப் போனோம். இப்போதைய சொந்தக்காரரிடம் முன்கூட்டியே போனில் அனுமதி கேட்டிருந்தேன். அவரே தன் டிரக்கில் முன்னால் போய் வழி காட்டினார். சரளை ரோடு, மைலுக்கு ஒரு குறுக்கு ரோடு, கட்டம் கட்டமாக. மேட்டின் மேல் நிறுத்தி, "இங்கிருந்து அந்தக் கம்பம் வரை, அங்கிருந்து அந்த மரம் வரை" என்று காட்டினார். பக்கத்துக்கு அரை மைல். மார்ச் கடைசி என்பதால் புல் இன்னும் பழுப்பாகவே இருந்தது. மஞ்சள் நெஞ்சு உள்ள மெடோலார்க் ஒன்று வேலிக் கம்பத்தில் உட்கார்ந்து கத்திக்கொண்டே இருந்தது. அதைத் தவிரக் காற்றின் சத்தம் மட்டும்தான்.

வீடு இல்லை. மண் வீடு மண்ணாகிவிட்டது. ஆனால் சரிவில் ஒரு இடத்தில் தரை தொட்டி மாதிரி குழிந்திருக்கிறது, அதை ஒட்டி லைலாக் புதர் ஒன்று, மொட்டு விடாமல் குச்சி குச்சியாக. அந்தச் செடி தானாக இங்கே வராது, யாரோ ஒரு பெண் நட்டது என்றார் அந்த விவசாயி. பழைய வீட்டு இடங்களை அவர்கள் இந்தப் புதரை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்களாம்.

வருகிற வழியில் காம்ஸ்டாக் பக்கத்தில் டவுஸ் மண் வீட்டைப் பார்த்திருந்தோம். 1900-இல் கட்டியது, பிறகு பழுது பார்த்து வைத்திருக்கிறார்கள். அதனால் கண்ணுக்குள் ஒரு அளவு இருந்தது. புல்வேரோடு சேர்த்து மண்ணைப் பட்டை பட்டையாகக் கலப்பையால் அறுத்து, மூன்றடி நீளத்துக்கு வெட்டி, புல் பக்கம் கீழே இருக்கும்படி செங்கல் மாதிரி அடுக்குவார்கள். சுவர் இரண்டு மூன்று அடி கனம். வெயிலுக்குக் குளுகுளு, பனிக்குக் கதகதப்பு. மழை பெய்தால்தான் கூரை ஒழுகும், மழை நின்ற பிறகும் ஒழுகும். மேலிருந்து மண்ணும் பூச்சியும் விழாமல் இருக்கக் கூரைக்குக் கீழே துணி கட்டுவார்கள். எரிக்க மரம் கிடையாது, அதனால் காய்ந்த புல்லை முறுக்கி எரித்தார்கள், மாட்டுச் சாணம், மக்காச்சோளத் தட்டை எல்லாம் எரித்தார்கள். சாணத்தைக் கையால் எடுக்கக் கிழக்கிலிருந்து வந்த பெண்களுக்கு முதலில் கூசியதாம். வறட்டி தட்டிய கைகளைப் பார்த்து வளர்ந்தவள் நான், அதனால் அந்த அடுப்பின் புகை வாசம் எனக்குத் தெரியும். அத்தைக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முயன்றேன்.

1888 ஜனவரி 12 காலை வானிலை இதமாக இருந்ததால், பிள்ளைகள் கோட்டு இல்லாமல் பள்ளிக்குப் போய்விட்டார்கள். பிறகு சில நிமிஷத்தில் புயல் வந்து, தன் கையே தனக்குத் தெரியாமல் போயிற்று. சுமார் 235 பேர் இறந்தார்கள், அதில் நிறையப் பேர் பிள்ளைகள். பக்கத்துக் கவுண்டியில் ஆர்ட் ஊருக்கு அருகே மினி ஃப்ரீமன் என்ற இளம் ஆசிரியை, பள்ளிக் கூரை பிய்ந்து போன பிறகு பிள்ளைகளைப் பத்திரமாக ஒரு பண்ணை வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்த நாளில் இந்தக் குழிக்குள், 14-க்கு 20 அறையில், கணவன் போய் மூன்றே மாதமான ஒரு பெண், கைக்குழந்தையோடு. பெரிய பிள்ளைகள் பள்ளியில் இருந்தார்களா, வீட்டில் இருந்தார்களா? அத்தை அந்தக் குழியின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். மேலே மிக உயரத்தில் சாண்ட்ஹில் கொக்குகள் வடக்கே போய்க்கொண்டிருந்தன, கூட்டம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே சத்தம் வந்துவிடுகிறது.

நாள் 6: கல்லறை

நாட்டுப்புறக் கல்லறை. நாற்பது ஐம்பது கல் இருக்கும், சுற்றிலும் கம்பி வேலி, மூலையில் இரண்டு சீடர் மரம். கொள்ளுத்தாத்தாவின் கல் நிற்கிறது. ஜெர்மனில் 'இங்கே கடவுளில் உறங்குகிறார்' என்று ஆரம்பித்து, பெயர், பிறந்த ஊர், 1887 அக்டோபர். தேதி இத்தனை வருஷமாகக் கல்லிலேயே இருந்திருக்கிறது! யாரும் வந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அதன் இடது பக்கத்தில் தரையோடு தரையாக ஒரு சின்னக் கல். பாதி புல் மூடியிருந்தது. நான் விரலால் மண்ணை ஒதுக்கினேன், மகள் தண்ணீர் பாட்டிலை ஊற்றினாள். ஒரே ஒரு சொல் வந்தது. 'முட்டர்'. அம்மா. பெயர் இல்லை, வருஷம் இல்லை. கல்லறைப் பதிவேட்டில் 1911 என்றும், மறுபடி அதே தப்பான ஸ்பெல்லிங்கிலும் இருக்கிறது.

மகள் தன் நோட்டில் அந்தக் கையெழுத்தை ஏற்கெனவே வரைந்து வைத்திருந்தாள். இரண்டாம் நாள் இரவு ஹோட்டலில் உட்கார்ந்து, போனில் பெரிதாக்கி, எழுத்து எழுத்தாகப் பார்த்துப் பென்சிலால் வரைந்தது. மை தொட்டு எழுதிய இடத்தைக் கொஞ்சம் அழுத்தி, சொட்டையும் போட்டிருக்கிறாள். அதைப் பிரித்து அந்தக் கல்லின் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டாள். காற்றில் தாள் அடித்துக்கொண்டது.

அத்தை ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, கல் வெட்டுகிறவர்கள் கையெழுத்தை அப்படியே செதுக்குவார்களா என்று கேட்டார். நான் அங்கிருந்தே பிரோக்கன் போவில் ஒரு இடத்துக்குப் போன் செய்தேன். படத்தைத் தெளிவாக எடுத்து அனுப்பினால் செய்யலாம், கிரானைட் என்றால் ஆறு வாரம் ஆகும் என்றார்கள். பழைய சின்னக் கல்லை எடுத்துவிட வேண்டுமா என்று கேட்டார்கள். "வேண்டாம், அது அவள் பிள்ளைகள் வைத்தது, அது இருக்கட்டும்" என்றார் அத்தை.

கடைசியாக ஒரு கேள்வி பாக்கி. அந்த மைச் சொட்டையும் செதுக்குவதா, விட்டுவிடுவதா என்று கேட்கிறார் கல் வெட்டுகிறவர். மகள் வேண்டும் என்கிறாள். அத்தை நாளைக்குள் சொல்கிறேன் என்றிருக்கிறார்.